நகரம் தானாக வளர்வதில்லை: வாசகர் கேள்வி பதில்

நகர வாழ்க்கை குறித்த கேள்விகளை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பலரும் தம் வீடு, வாடகை, வேலை பற்றியெல்லாம் மனம்விட்டு எழுதியிருப்பதால் பெயர்களை விடுத்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: புவியியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். மேற்படிப்புக்கு நகரவியல் எடுக்க விருப்பம். “ஊரைப் பார்க்கத் தெரிந்தால் போதாதா, அதற்கு ஒரு பட்டமா?” என்று அப்பா கேட்கிறார். இத்துறையில் உண்மையில் என்னதான் கற்பிக்கிறார்கள்? (மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: ஒரு நிலத்தில் இன்று நெல் விளைகிறது, பத்தாண்டு கழித்து அங்கே அடுக்குமாடி நிற்கிறது. இடையில் என்ன நடந்தது, யார் முடிவெடுத்தார்கள், அந்த முடிவுக்கு எந்தச் சட்டம் இடம் கொடுத்தது, பணம் எங்கிருந்து வந்தது, அங்கே உழுதவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தொடர்ந்து கேட்பதுதான் நகரவியல். இதற்குப் பொருளியல் வேண்டும், சட்டம் வேண்டும், நீரியல் வேண்டும், சமூகவியலும் வரலாறும் வேண்டும். புவியியல் படித்தவருக்கு வரைபடத்தை வாசிக்கும் பழக்கம் முன்பே இருப்பதால் நீங்கள் ஒரு படி முன்னால்தான் நிற்கிறீர்கள்.

இத்துறை நமக்குப் புதியதும் அன்று. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ், சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914-இல் இங்கு வந்தார். நகரங்களைப் பற்றி அவர் திரட்டி வைத்திருந்த கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைமீது குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இந்தியப் பெருங்கடலில் மூழ்கடித்துவிட்டது. வேறு பொருள்களைத் திரட்டி 1915-இல் அவர் சென்னையில் அக்கண்காட்சியை நடத்தினார். பின்னர் மாகாணத்து ஊர்கள் பலவற்றுக்குச் சென்று அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூரைப் பற்றிய அறிக்கையை நீங்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். நெரிசலான குடியிருப்பை இடித்துத் தள்ளி நேர்கோட்டில் அகலச் சாலைகள் போடுவதே சுகாதாரத்துக்கு வழி என்று பொறியாளர்கள் எண்ணிய காலம் அது. கெடிஸ் தெருத் தெருவாக நடந்தார். எந்த வீடு பாழடைந்தது, எந்த மூலையில் ஒரு மரம் நிழல் தருகிறது, எந்தச் சந்து சற்றே அகலமானால் காற்று வரும் என்று பார்த்தார். சில வீடுகளை மட்டும் அகற்றி மற்றவற்றைக் காப்பாற்றும் மாற்று வரைபடத்தைத் தந்தார். அப்படிச் செய்தால் செலவும் குறையும், குடியிருப்போரும் வெளியேற வேண்டியதில்லை என்பது அவர் வாதம். திட்டம் தீட்டுவதற்கு முன் ஊரைப் பார்க்க வேண்டும் என்ற அந்த ஒழுங்கை நாம் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை என்பது என் கருத்து. உங்கள் அப்பாவுக்கான பதிலும் அதுவே: ஊரைப் பார்ப்பது பயிற்சியால் வருவது.

எங்கே படிக்கலாம் என்றால், அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, தில்லியிலுள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி, அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம், பெங்களூரிலுள்ள மனிதக் குடியிருப்புகளுக்கான இந்திய நிறுவனம் ஆகியவற்றின் பாடத்திட்டங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வில் நாட்டமிருந்தால் அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்கள்; மக்கள்தொகை பெருகியதுதானே எல்லா நெரிசலுக்கும் காரணம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: அப்படித்தான் தோன்றும். ஆனால் கணக்கைப் பார்த்தால் படம் மாறுகிறது. 2001-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில், அப்போதைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 43 இலட்சத்திலிருந்து 46 இலட்சமாக, அதாவது ஏழு விழுக்காடு அளவுக்கே உயர்ந்தது. அதே பத்தாண்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டமும் திருவள்ளூர் மாவட்டமும் 35 விழுக்காட்டுக்கும் மேல் பெருகின. வந்தவர்களெல்லாம் நகரின் நடுவே குவிந்திருந்தால் இந்தக் கணக்கு இப்படி இருந்திருக்காது. நடுநகரின் நிலவிலையும் வாடகையும் மக்களை விளிம்புக்குத் தள்ளின. விளிம்பில் வாழ்ந்து நடுவில் வேலை பார்ப்பவர் நாள்தோறும் இருமுறை சாலையில் இருந்தாக வேண்டும். ஆகவே நாம் காணும் நெரிசலில் பெரும் பங்கு, வீடும் வேலையும் விலகிப் போனதால் வந்தது. ஆள்தொகையைக் குற்றம் சொன்னால் நிலத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடும்.

கேள்வி: வங்கிக் கடன் வாங்கி, முறையான அனுமதியோடு கட்டிய அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறோம். ஒவ்வொரு பெருமழைக்கும் தரைத்தளத்தில் தண்ணீர் நிற்கிறது. “ஏரியில் வீடு கட்டினால் இப்படித்தான்” என்று தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். தவறு எங்களுடையதா? (குடும்பத்தலைவி, வேளச்சேரி)

பதில்: இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் தேவைப்படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்சென்னையின் தரை மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஆனால் கடற்கரையையொட்டி மணல்மேடு இருப்பதால் மழைநீர் நேரே கடலுக்குப் போக முடியாது. தாம்பரம், மடிப்பாக்கம், நன்மங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் வந்து தங்கும். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பும் அந்தச் சதுப்பில் வடிகின்றன. அங்கு தேங்கிய நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, தெற்கே கோவளத்தில் கடலில் சேரும். உள்ளூர் மக்கள் கழுவெளி என்று அழைத்த அந்த இடம், மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும் இயல்புடையது. ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது அது.

பயிர் விளையாத நிலம் வரி தராது. வரி தராத நிலம் வருவாய்த்துறையின் பழைய ஏடுகளில் தரிசு, புறம்போக்கு என்றே பதிவாகும். அந்தப் பதிவு பின்னாளில் பெரிய விளைவை உண்டாக்கியது. ஓர் அரசு அலுவலகத்துக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோ இடம் தேவைப்பட்டால், யாரிடமிருந்தும் விலைகொடுத்து வாங்க வேண்டாத நிலமாகச் சதுப்பு தெரிந்தது. மாநகராட்சியின் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியில் அதன்மீதே கொட்டப்பட்டது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வளாகம் அங்கே வந்தது. பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரிவரை நீண்டது. தரமணியில் டைடல் பூங்கா 2000-இல் திறக்கப்பட்ட பிறகு பழைய மாமல்லபுரம் சாலை ஆறு வழியாக அகன்றது. தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் அளவைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற வரம்பு, அனுமதிக்கப்பட்டது. அங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு அருகில் வீடு வேண்டியிருந்தது. உங்கள் அடுக்குமாடி பிறந்தது இந்த இடத்தில்தான். இவற்றுள் ஒவ்வொரு முடிவும் தனியே பார்த்தால் நியாயமான காரணம் கொண்டது. அத்தனை முடிவுகளும் சேர்ந்து நீரின் இடத்தை எவ்வளவு எடுத்துக்கொண்டன என்று கூட்டிப் பார்க்கும் பொறுப்பு எந்த ஒரு துறைக்கும் இல்லாமல் போனது. 2007-இல் 317 ஹெக்டேர் மட்டும் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் நிலமாக, அதாவது உலக அளவில் காக்கத்தக்க ஈரநிலமாக, பன்னாட்டு ஏற்புப் பெற்றது. எஞ்சியதையாவது காக்க எடுத்த முயற்சிகள் அவை. இந்தக் காப்பு கிடைப்பதற்கு முன்பே சதுப்பின் பெரும்பகுதி கைமாறிவிட்டிருந்தது.

இது இந்தத் தலைமுறையின் பழக்கம் மட்டுமன்று. தியாகராய நகர் இன்று நகரின் நடுப்பகுதி. 1920-களில் அது மாம்பலம், மயிலாப்பூர்ப் பக்கத்து நெடுங்குளத்தின் நீர்ப்பரப்பைத் தூர்த்து உருவாக்கப்பட்ட குடியிருப்பு. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரத் திட்டச் சட்டத்துக்குப் பின் வந்த முதல் பெருந்திட்டங்களுள் அதுவும் ஒன்று. பனகல் பூங்காவைச் சுற்றிய தெருக்களின் ஒழுங்கைப் புகழ்பவர்கள் அதன் அடியிலிருந்த ஏரியையும் நினைவில் வைக்க வேண்டும். ஏரியைத் தூர்த்து ஊர் அமைக்கலாம் என்ற துணிவு நமக்கு நூறாண்டுக்கு முன்பே வந்துவிட்டது.

இனி உங்கள் கேள்விக்கு. 2015 டிசம்பர் முதல் நாளில் பெய்யத் தொடங்கிய மழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாற்றங்கரை மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது, நடக்க வேண்டியதும்தான். ஆனால் வேளச்சேரியின் வெள்ளத்துக்குக் கதை வேறு. இங்கே நீர் வந்தது ஏரிகள் நிரம்பி வழிந்ததால்; தேங்கியது சதுப்பு சுருங்கியதால்; வடியாமல் நின்றது ஒக்கியம் மடுவு போன்ற வடிகால்களின் வாய் குறுகியதால். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே காரணங்கள் மீண்டும் வேலை செய்தன. அனுமதி தந்த அலுவலகத்துக்கு அந்த மனை எந்த நீரின் வழியில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கடன் தந்த வங்கி கேட்டிருக்கலாம். விற்றவருக்கு நிச்சயம் தெரியும். இந்த வரிசையில் மிகக் குறைவான தகவலோடு, மிக அதிகமான வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர் நீங்கள். உங்கள்மீது பழிபோடுவது எளிது என்பதாலேயே அது அடிக்கடி நடக்கிறது. அதே வேளையில், சதுப்பை மீட்கவும் வடிகாலை அகலப்படுத்தவும் அரசு முற்படும்போது சில கட்டடங்கள் நீங்க வேண்டிவரலாம். அப்போது உங்கள் குடியிருப்போர் சங்கம் எதிர்த்து நிற்பதைக் காட்டிலும், உரிய இழப்பீட்டோடு அதைக் கோரி நிற்பதே உங்கள் தரைத்தளத்துக்கும் நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: ஆற்றோரம் இருந்த எங்களுக்கு அரசு பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தது. நல்ல வீடுதான், கழிப்பறை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. ஆனாலும் பக்கத்து வீட்டார் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே வாடகைக்குப் போய்விட்டார்கள். “கொடுத்ததை மதிக்கத் தெரியாதவர்கள்” என்று எங்களைச் சொல்லும்போது வலிக்கிறது. இதை உங்கள் படிப்பு எப்படிப் பார்க்கிறது? (வாசகர், பெரும்பாக்கம்)

பதில்: வீடு என்பது நான்கு சுவர் மட்டுமன்று, வேலைக்குப் போகும் தொலைவும் அதில் அடக்கம் என்றுதான் பார்க்கிறது.

மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்ணின் காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். ஆற்றோரக் குடிசையில் இருந்தபோது அவர் ஆறு மணிக்கு முதல் வீட்டில் கோலம் போட்டு, பாத்திரம் தேய்த்து, அடுத்த வீட்டுக்குப் போய், பத்து மணிக்குள் மூன்று வீடுகளை முடித்துவிட்டுத் திரும்பிப் பிள்ளைக்குச் சோறு வடிக்க முடிந்தது. பெரும்பாக்கத்திலிருந்து அதே ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமானால் விடியலுக்கு வெகுநேரம் முன்பே எழுந்து, மேல்மாடியிலிருந்து இறங்கி, மின்தூக்கி ஓடாத நாளில் படிகளில் இறங்கி, பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு பேருந்து தவறினால் முதல் வீட்டு வேலை போய்விடும். மூன்று வீடு ஒன்றாகச் சுருங்கும், வருமானமும் அப்படியே. பிள்ளைக்குப் புதிய பள்ளியில் இடம் கிடைக்கும்வரை படிப்பு நிற்கும். ரேஷன் அட்டையின் முகவரி மாறும்வரை அரிசி வாங்குவதற்கும் அலைச்சல். ஆகவே பூட்டிவிட்டுப் போனவர்கள் வீட்டை மதிக்காதவர்கள் அல்லர். ஆற்றோர வாடகையையும் இந்த இழப்பையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுத்தவர்கள்.

இந்தத் திட்டங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயோ அதற்கு மிக அருகிலேயோ அடுக்குக் குடியிருப்பு கட்டித் தருவதே பெரும்பாலும் வழக்கம். மெரினாவையொட்டிய நொச்சிக்குப்பம் அப்படி எழுந்தது. மீனவர் கடலைவிட்டு விலகவேண்டி வரவில்லை. 1977-இல் உலக வங்கிக் கடனுடன் வந்த திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதியோடு சிறிய மனைகள் ஒதுக்கப்பட்டன. வீட்டை மக்கள் தம் வசதிக்கேற்பச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்டார்கள். பெரிய மனைகளை வசதியுள்ளோருக்குக் கூடிய விலைக்கு விற்று, அந்தப் பணத்தால் சிறிய மனைகளின் விலையைக் குறைத்தார்கள். இன்று அந்தப் பகுதிகளில் நடந்தால் எது ஏழைகளுக்கான திட்டம், எது பொதுக் குடியிருப்பு என்று பிரித்தறிவதே கடினம். எனக்குத் தெரிந்தவரை சென்னை செய்த நல்ல காரியங்களுள் அது முன்வரிசையில் வரும். அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பிறகு நகருக்குள் நிலத்தின் விலை ஏறியது. ஆற்றங்கரை அழகுபடுத்தல், சாலை, ரயில் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் தேவைப்பட்டது. 2000 தொடங்கிக் கண்ணகி நகர், அதன்பின் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒரே இடத்தில் குவிக்கும் முறை வந்தது. கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். மேலே வேளச்சேரி வாசகிக்கு எழுதிய பதிலை நீங்களும் படியுங்கள்: ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி உங்களைக் கொண்டுவந்து வைத்த இடம் அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். காரணம், அவ்வளவு பெரிய நிலம் அரசின் கையில் மலிவாக இருந்தது அங்கேதான். ஏழைக்கும் நடுத்தர வர்க்கத்தாருக்கும் வீட்டுக்கு இடம் காட்டியது ஒரே கணக்குத்தான். வங்கிக் கடன் வாங்கியவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார், உங்களுக்குத் தேர்வு தரப்படவில்லை என்பதே வேறுபாடு.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்வதால், மேற்சொன்ன பெண்ணின் செலவில் ஒரு பகுதி மீண்டிருக்கிறது. ஆனால் நேரம் மீளவில்லை. விடியற்காலைப் பேருந்துகளின் எண்ணிக்கையை உயர்த்தக் கோருவதும், குடியிருப்புக்குள்ளேயே பகல்நேரக் குழந்தைக் காப்பகம் கோருவதும் உங்கள் சங்கம் உடனே கையிலெடுக்கத் தக்கவை. இனி இடம்பெயர்க்கப்படுவோருக்கோ, முதலில் கேட்க வேண்டியது பழைய இடத்துக்கு எவ்வளவு அருகில் நிலம் இருக்கிறது என்பதைத்தான்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு அருகே மெட்ரோ பணி நடக்கிறது. ரயில் ஓடுவதற்கு முன்பே வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். இது நியாயமா? (தனியார் ஊழியர், போரூர்)

பதில்: பொதுப்பணத்தில் ஒரு நிலையம் எழும்போது அதைச் சுற்றியுள்ள மனைகளின் மதிப்பு உயர்கிறது. அந்த உயர்வை உண்டாக்கியவர்கள் வரி செலுத்துவோர் அனைவரும். பெறுபவர் நிலம் வைத்திருப்பவர். நீங்கள் வரியும் செலுத்தி, கூடுதல் வாடகையும் கொடுக்கிறீர்கள். சென்னையின் முதல் மெட்ரோ ரயில் 2015 ஜூன் மாதம் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடியது; இரண்டாம் கட்டம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளம் கொண்டது. அத்தனை நிலையங்களைச் சுற்றியும் நீங்கள் சொல்வது நடக்கும். மதிப்பு உயர்வில் ஒரு பங்கை நகரம் திரும்பப் பெற்று, நிலையங்களுக்கு அருகிலேயே குறைந்த வாடகை வீடுகளைக் கட்டுவதுதான் இதற்கு முறையான வழி. உங்களுக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது, 2017-ஆம் ஆண்டின் நிலவுரிமையாளர் மற்றும் வாடகைதாரர் சட்டம். அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவு பெற வேண்டும். ஒப்பந்தக் காலத்துக்குள் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது. உங்களிடம் ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சியை அருகிலுள்ள மாநகராட்சியோடு இணைக்கப் போகிறார்களாம். ஊரில் பாதிப்பேர் மகிழ்ச்சி, பாதிப்பேர் போராட்டம். ஊர் எப்போது நகரமாகிறது? (விவசாயி, திருப்பூர் மாவட்டம்)

பதில்: மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஓர் அளவுகோல் உண்டு: ஐயாயிரம் பேராவது வாழ வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும், உழைக்கும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 48 விழுக்காட்டினர் நகரவாசிகள். ஆனால் கணக்கெடுப்பு நகரம் என்று எண்ணுவதும், ஆட்சிமுறையில் நகராட்சி ஆவதும் வேறுவேறு. இரண்டாவதில்தான் உங்கள் ஊரின் சண்டை இருக்கிறது. மாநகராட்சியோடு சேர்ந்தால் சொத்துவரி கூடும், அரசின் ஊரக வேலைத் திட்டம் போய்விடும், கிராம சபை இராது. சாலையும் பாதாளச் சாக்கடையும் எப்போது வரும் என்பதற்கு உறுதி இல்லை. மனை வைத்திருப்பவருக்கு விலை ஏறும் என்பதால் மகிழ்ச்சி; கூலிக்குப் போகிறவருக்கு இழப்பு உடனே வருவதால் கோபம். இரு தரப்பும் தம் கணக்கில் சரியாகவே இருக்கிறார்கள்.

உங்கள் மாவட்டமே இதற்குச் சான்று. 1970-களின் இறுதியில் பின்னலாடை ஏற்றுமதி தொடங்கிய பிறகு திருப்பூர் வளர்ந்த வேகம் வியப்புக்குரியது. ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் வேலைகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு ஓர் உலகச் சந்தைக்கு ஈடுகொடுத்தன. மாநகராட்சியானது 2008-இல். தொழில் வந்து ஒரு தலைமுறைக்குப் பிறகே அந்தத் தகுதி வந்தது. இடைப்பட்ட காலத்தில் சாயக்கழிவு நொய்யலில் போனது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவின் தேக்கமாயிற்று. கீழே கரூர்வரை உழவர்களின் கிணறு கெட்டது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது அதன் சுமை கூலித் தொழிலாளர்மீதும் விழுந்தது. பின்னலாடைக்கு ஊக்கம் தந்த அதே கொள்கை, கழிவுநீருக்கும் அன்றே இடம் ஒதுக்கியிருக்க முடியும். இணைப்பு பற்றிய கூட்டம் நடக்கும்போது, வரியைப் பற்றிக் கேட்பதோடு, உங்கள் குளத்தையும் ஓடையையும் மாநகராட்சி எந்த ஏட்டில் எப்படிப் பதிவு செய்யப் போகிறது என்றும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: நடைபாதைக் கடைகளை அகற்றினால்தானே மக்கள் நடக்க முடியும்? (வாசகி, மேற்கு மாம்பலம்)

பதில்: 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் அகற்றுவதை முதல் படியாக வைக்கவில்லை. கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது; இடங்களை முடிவுசெய்யும் குழுவில் பத்தில் நான்கு பங்கினராவது வணிகர்களாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு அருகிலுள்ள பாண்டி பஜாரில் 2013-இல் நடைபாதை வணிகர்கள் அடுக்குக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2019-இல் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. நடப்பதற்கு அது இனிமையான இடம், மறுக்கவில்லை. போகிற போக்கில் கண்ணில் பட்டு வாங்கும் பொருளுக்கு மாடிப்படி ஏறி வருபவர் குறைவு என்பதையும் கூடவே நினைக்க வேண்டும். நடப்பவரின் இடத்தை உண்மையில் எடுத்துக்கொள்வது எது என்று உங்கள் தெருவில் ஒரு மாலை நின்று பாருங்கள். நிறுத்திவைத்த கார்களும் இருசக்கர வண்டிகளும் பிடித்த இடத்தையும், பூக்காரரின் கூடை பிடித்த இடத்தையும் அளந்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நான் கல்லூரியில் படிக்காதவன், தையற்கடை வைத்திருக்கிறேன். என் தெரு ஏன் இப்படி மாறியது என்று நானே ஆராய முடியுமா? (வாசகர், புரசைவாக்கம்)

பதில்: தாராளமாக முடியும். நாள்முழுதும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ஆய்வாளருக்கு வாய்க்காத வசதி இருக்கிறது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தெருவின் படத்தைக் கையால் வரையுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இப்போது என்ன நடக்கிறது, இதற்குமுன் என்ன இருந்தது, யார் சொன்னார்கள் என்று மூன்று குறிப்புகள் போதும். காலை, நண்பகல், இரவு எனப் பொழுது மாறும்போது தெருவில் இருப்பவர்களும் மாறுவார்கள், அதையும் எழுதுங்கள். தண்ணீர் லாரி எந்தக் கிழமை வருகிறது, எந்த வீட்டுக்கு வருவதில்லை என்பது பெரிய செய்தி. உங்களிடம் துணி தைக்கக் கொடுத்துவந்த குடும்பங்களில் யார் யார் இடம் மாறினார்கள், எங்கே போனார்கள் என்று பழைய ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தே ஒரு பட்டியல் தயாரித்துவிடலாம்.

அடுத்து ஏடுகள். வருவாய்த்துறையின் இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் நிலத்தின் வகையைப் பார்க்கலாம். நீர்நிலைப் புறம்போக்கா, நத்தமா, பட்டா நிலமா என்பது அங்கே தெரியும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒரு மனை எத்தனை கை மாறியது என்பது அதில் வரிசையாக இருக்கும். வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு குறிக்கும் நிலவிலை, எந்த ஆண்டில் திடீரென்று உயர்ந்தது என்று பார்த்தால், அந்த ஆண்டையொட்டி அருகில் ஒரு சாலையோ நிலையமோ அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடத் தோன்றும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2008-இல் வெளியிட்ட இரண்டாம் முழுமைத் திட்டத்தில் உங்கள் தெரு குடியிருப்புப் பகுதியா வணிகப் பகுதியா என்று குறிக்கப்பட்டிருக்கும். குழுமத்தின் எல்லை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. மூன்றாம் முழுமைத் திட்டத்துக்காக மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டங்களில் நீங்களும் பேசலாம். இணையத்தில் கிடைக்காததற்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். “ஏன் அனுமதித்தீர்கள்” என்று கேட்டால் பதில் வராது. “இந்தப் புல எண்ணில் வழங்கப்பட்ட திட்ட அனுமதியின் நகலைத் தரவும்” என்று கேளுங்கள்.

உங்கள் தெருவில் நீண்ட காலம் குடியிருந்த மூத்தவர்களின் நினைவை ஏடுகளுக்கு முன்பே பதிவுசெய்துவிடுங்கள். ஏடு அடுத்த ஆண்டும் இருக்கும். அவர்கள் சொல்வதும் ஏடு சொல்வதும் ஒத்துவராத இடத்தில் ஓர் அடிக்கோடு இடுங்கள். அங்கிருந்துதான் அடுத்த தகவல் மனுவை எழுத வேண்டும்.